மணலிலிருந்து லேத்துக்கு: சென்னையின் மேற்குப் புறநகரும் டைட்டானியமும்

சென்னையின் மேற்கே பாடி முதல் ஆவடி வரை நீளும் தொழிற்பகுதி, விடுதலைக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் உலோகத்தை நம்பி எழுந்தது. 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஆலை அமைத்தது. 1955-இல் ஆவடியில் டியூப் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் எஃகுக் குழாய்த் தொழிலைத் தொடங்கியது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. மறு ஆண்டு ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறைகள் பேட்டையின் தெருக்களை நிரப்பின. அவற்றின் லேத்துகளில் அன்று ஏறியவை எஃகு, வார்ப்பிரும்பு, பித்தளை, அலுமினியம். டைட்டானியம் இந்த வரிசையில் பிந்தி வந்தது. தாது தமிழ் மண்ணிலேயே கிடந்தும் உலோகம் இவ்வளவு தாமதமாக வந்ததற்கு அதன் குணமே முக்கியக் காரணம்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கடற்கரை மணலில் இல்மனைட் என்ற கரிய கனிமம் நிறைந்திருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு கட்டுண்டு கிடப்பது அதில்தான். 1909-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பர்க் அந்தக் கரையில் கண்டறிந்தது மோனசைட் என்ற வேறொரு கனிமம். கேஸ் விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதில் இருந்ததால், முதலில் மதிப்பு அதற்கே கிடைத்தது. வெள்ளைப் பெயின்ட்டில் ஈயச் சேர்மத்துக்குப் பதிலாக டைட்டானியம் டை ஆக்சைடு புகுந்த பிறகு இல்மனைட்டுக்கும் காலம் வந்தது. 1930களில், அந்தக் கரை அடங்கியிருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் இல்மனைட் பெருமளவில் வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது. 1956-இல் மணவாளக்குறிச்சிப் பகுதி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. 1965-இல் மணவாளக்குறிச்சி மணல் ஆலை இந்திய அரிய மணல் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

மணலிலிருந்து பெயின்ட்டுக்குப் போவது எளிது; உலோகத்துக்குப் போவது கடினம். 1791-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் வில்லியம் கிரெகர் இந்தத் தனிமத்தைக் கண்டறிந்தார். 1795-இல் கிளாப்ராத் அதற்குப் பெயரிட்டார். ஆனால் தூய உலோகத்தை ஹன்டர் பிரித்தெடுக்க 1910 வரை ஆனது. சூடேறிய டைட்டானியம் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் கரியையும் விழுங்கி நொறுங்கும் தன்மை அடைந்துவிடும். அதனால் இரும்பைப் போலக் கரியோடு உலையிலிட்டு அதை உருக்கி எடுக்க முடியாது. வில்லியம் கிரோல் வகுத்த முறையில் தாதுவைக் குளோரினோடு சேர்த்து டெட்ராகுளோரைடு ஆக்கி, ஆர்கான் வாயுவின் காவலில் மக்னீசியத்தால் அதைப் பிரிக்கிறார்கள். கிடைப்பது துளைகள் நிறைந்த பஞ்சு போன்ற கட்டி. அதை வெற்றிட உலையில் உருக்கினால்தான் பட்டறைக்கு ஏற்ற உலோகம் ஆகும். அப்படி உருக்கும் மிதானி நிறுவனம் 1973-இல் ஹைதராபாத்தில் அமைந்தது. பஞ்சு உலோகத்தை இந்தியாவிலேயே தயாரிக்கும் ஆலை 2011-இல்தான் கேரளத்தின் சவறாவில் வந்தது. அதன் திறன் ஆண்டுக்கு 500 டன்.

இத்தனை பாடு படுவதற்கு அதன் குணங்கள் ஈடு செய்கின்றன. ஒரு கன சென்டிமீட்டர் எஃகு ஏறக்குறைய 7.8 கிராம், அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் கலந்த உலோகக்கலவையே அதிகம் புழங்குவது. எடையில் எஃகின் பாதியைச் சற்றே தாண்டும் இந்தக் கலவை, வலிமையில் நல்ல எஃகு வகைகளோடு நிற்கிறது. தூய டைட்டானியத்தின் உருகுநிலை 1668 டிகிரி செல்சியஸ் ஆனாலும், சுமை தாங்கும் பாகங்களில் இந்தக் கலவையைப் பெரும்பாலும் 400 டிகிரிக்குள்தான் பயன்படுத்துகிறார்கள். காற்று பட்டதும் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் படர்கிறது. கீறினாலும் அந்தப் படலம் உடனே மறுபடி மூடிக்கொள்ளும். கடல்நீரும் உடல்நீரும் உலோகத்தை அரிக்காமல் அது காக்கிறது.

பட்டறையில் இதே குணங்கள் சோதனையாகின்றன. டைட்டானியக் கலவை வெப்பத்தைக் கடத்தும் திறன் சாதாரண எஃகின் ஆறில் ஒரு பங்கு அளவே. எஃகைக் கடையும்போது சூட்டின் பெரும்பகுதி சீவிய சுருளோடு வெளியேறிவிடும்; டைட்டானியத்தில் அது டூலின் முனையிலேயே தங்கி முனையைத் தின்றுவிடும். அந்தச் சூட்டில் உலோகம் டூலோடு ஒட்டவும் செய்யும். விறைப்பு எஃகில் பாதியே என்பதால் மெல்லிய பாகம் டூலுக்கு வளைந்து கொடுத்து, டூல் விலகியதும் நிமிர்ந்து அளவைக் கெடுக்கும். ஆகவே வேகத்தைக் குறைக்க வேண்டும், கூலன்ட் தாராளமாகப் பாய வேண்டும், வேலைத்துண்டை இறுகப் பிடிக்க வேண்டும், மழுங்கிய முனையை உடனே மாற்ற வேண்டும். நுண்ணிய துருவல் தீப்பிடிக்கும்; எரியும் டைட்டானியத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணலைத்தான் கொட்ட வேண்டும். வெல்டிங்கின்போது இணைப்பின் முன்பக்கமும் பின்பக்கமும் ஆர்கான் சூழ்ந்திருக்க வேண்டும். இணைப்பு வெள்ளிபோல் மின்னினால் நல்லது. நீலமோ சாம்பலோ பூத்தால் காற்று உட்புகுந்துவிட்டது என்று பொருள். கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் பரவிய பிறகு அம்பத்தூர் போன்ற பேட்டைகளின் ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு இந்த உலோகத்தைக் கையாள்வது எளிதாயிற்று.

உலகில் இதன் பெரும் பயன் விமானத்திலும் ராக்கெட்டிலும். தமிழ்நாட்டில் கடலோரமும் முக்கியமான களம். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் ஓடும் கண்டன்சர் குழாய்கள் டைட்டானியத்தால் ஆனவை. பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியில் மூவர் அமரும் கோளம், 2.1 மீட்டர் விட்டமும் 80 மில்லிமீட்டர் கனமும் கொண்டு டைட்டானியக் கலவையால் ஆனது. 6000 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தை அது தாங்க வேண்டும்.

மருத்துவத்தில் இதற்கு வழி திறந்தவர் ஸ்வீடனின் பிரனெமார்க். 1950களில் முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கூடு எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒன்றிவிட்டதை அவர் கவனித்தார். 1965-இல் மனிதர் ஒருவரின் தாடையில் பல்லுக்கு வேராக அதைப் பொருத்தினார். எலும்பைச் சேர்க்கும் தகடும் திருகாணியும், இடுப்பு மாற்று மூட்டின் தண்டும் இன்று டைட்டானியத்தில் செய்யப்படுகின்றன. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியை ஒட்டிய பல் மருத்துவக் கல்லூரிகளில் டைட்டானிய இம்ப்ளான்ட் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. ஒரு காலத்தில் மோனசைட்டுக்காகத் தோண்டிய மணலில் மதிப்பில்லாமல் கிடந்த தனிமம், மேற்குப் புறநகர் மக்களிடம் இப்படி ஒரு பல்லின் வேராகவும் வந்து சேர்ந்திருக்கிறது.