ஊரை ஒரே படத்தில் அடக்கிய வரலாறு

கோவிலையும் கோட்டையையும் படம் பிடித்தோர் பலர். அக்கோவிலைச் சூழ்ந்த தெருக்களையும், ஓட்டு வீடுகளையும், தோப்பையும், ஆற்றையும், அடிவானத்தையும் ஒரே காட்சியாகப் பிடிக்க முயன்றோர் சிலரே. சாதாரணப் புகைப்படம் சாளரத்தின் வழியே பார்ப்பதைப் போன்றது. மாடியில் ஏறி நின்று, தலையை இடமிருந்து வலமாகத் திருப்பினால் விரிகின்ற காட்சியை ஒத்தது ‘பானரமா’ என்னும் அகலப்படம். பிறந்த ஊரை விட்டு வந்து, முளா ஆற்றங்கரையில் வாழ்வு அமைத்துக்கொண்ட நாம், அதன் வரலாற்றை அறிவது பயனுடையது. ஊர்கள் மாறும் விரைவை நம்மைப் போல் அறிந்தவர் வேறு யார்?

ஓவியத்தில் தொடங்கியது

புகைப்படம் தோன்றும் முன்பே இவ்வாசை தோன்றிவிட்டது. ராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர், பார்ப்பவரைச் சுற்றிலும் வட்டமாக ஊரின் காட்சியைத் தீட்டும் முறைக்கு 1787ஆம் ஆண்டு உரிமை பெற்றார். 1800ஆம் ஆண்டில் லண்டன் மக்கள் கட்டணம் செலுத்திக் கண்ட ஒரு பெரும் ஓவியம் நம் நாட்டைப் பற்றியது. திப்பு சுல்தான் வீழ்ந்த சீரங்கப்பட்டணப் போரை, ராபர்ட் கெர் போர்ட்டர் என்னும் இளைஞர் நேரில் காணாமலே ஏறத்தாழ 120 அடி நீளத்தில் தீட்டியிருந்தார். வென்றவர் தம் வெற்றியை அகலமாகக் காண விரும்பினர்.

1858ஆம் ஆண்டு

நம் நாட்டு அகலப்பட வரலாற்றில் 1858 மறக்கவொண்ணாத ஆண்டு. முந்திய ஆண்டின் பெருங்கிளர்ச்சியை அடுத்து, பெலிசே பியாட்டோ என்னும் புகைப்படக்காரர் கல்கத்தா வந்திறங்கி, லக்னோவுக்கும் டில்லிக்கும் சென்றார். லக்னோவில் பெரிய இமாம்பாராவின் மீதும், டில்லியில் ஜும்மா மசூதியின் மீதும் ஏறி நின்று, காமிராவைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல படங்கள் எடுத்து, அவற்றை வரிசையாக இணைத்தார். கண்ணாடித் தகட்டில் எடுத்த படங்கள் அவை. முக்காலி மட்டம் தவறக்கூடாது. வெயில் மாறிவிட்டால் ஒரு படம் வெளுத்தும் அடுத்தது கறுத்தும் போகும்.

அப்படங்களில் மாடங்களும் மினார்களும் தெளிவாக நிற்கின்றன. மக்களைக் காண்பது அரிது. போர் நகரை வெறுமையாக்கியது ஒரு காரணம். அசைந்தவரின் உருவம் அன்றைய தகட்டில் பதியாது என்பது மற்றொன்று. பின்னர், டில்லியில் கோட்டைக்கும் மசூதிக்கும் இடையே இருந்த குடியிருப்புகள் இடித்துத் தள்ளப்பட்டன. லக்னோவின் பழைய பேட்டைகளை ஊடறுத்து அகன்ற சாலைகள் போடப்பட்டன. வென்றவர் பொருட்டு எடுத்த படங்களே, தோற்றவரின் வீடுகள் எங்கிருந்தன என்பதற்கும் இன்று சான்றாகின்றன. அகலப்படத்தின் தனிச்சிறப்பு இதுவே. எடுப்பவர் கருதாத பொருளும் அதில் இடம்பெற்றுவிடுகிறது.

அதே ஆண்டு தமிழகத்தில் மற்றோர் அரிய முயற்சி நடந்தது. சென்னை அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப், மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவுகளுடன் திருச்சிக்கும் மதுரைக்கும் தஞ்சைக்கும் சென்றார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை அவர் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக்கினார். அங்கே காமிரா நின்ற இடத்தில் சுழலவில்லை; சுவரை ஒட்டி நடந்தது. ஹுல்ஷ் அறிஞர் அக்கோவிலின் சாசனங்களை 1891 முதல் அச்சிட்டு வெளியிடுவதற்கு 33 ஆண்டுகள் முன்னரே, இராசராசன் காலத்து எழுத்துகள் ஒளியால் பதிவாகிவிட்டன.

பிலிம் செய்த புரட்சி

கண்ணாடி வளையாது, பிலிம் வளையும். இவ்வொரு வேறுபாடே ஒட்டுவேலைக்கு முடிவு கட்டியது. பிலிமை வில்போல் வளைத்து வைத்து, அதன் முன்னே லென்ஸை மட்டும் திருப்பினால், லென்ஸுக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை. படம் முழுதும் தெளிவாக விழுகிறது. அமெரிக்காவில் 1898இல் அல்விஸ்டா காமிராவும், 1899இல் கோடக் நிறுவனத்தின் பானராம் காமிராவும் இம்முறையில் வந்தன. பானராம் 142 பாகை அகலத்தை 12 அங்குல நீளப் பிலிமில் பிடித்தது. நேரான வீதி அதில் வில்லாக வளைந்து தோன்றும். அது இம்முறைக்கு இயல்பு.

1904இல் உரிமை பெற்ற சர்க்கட் காமிராவோ, முக்காலியின் மீது தானே சுழன்றது. உள்ளே பிலிம் அதே வேகத்தில் ஒரு குறுகிய பிளவைக் கடந்து ஓடியது. பெருங்கூட்டத்தைப் படமெடுக்க இது பெரிதும் உதவியது. மக்களைப் பிறை வடிவில் நிறுத்தினால் படத்தில் நேர்வரிசையாகத் தோன்றுவர். ஒரு முனையில் நின்ற சிறுவன் காமிராவை முந்தி ஓடி மறுமுனையிலும் நின்று, ஒரே படத்தில் இருமுறை தோன்றும் குறும்பும் உண்டு! பிற்காலத்தில் ஜப்பானின் வைட்லக்ஸும், 1967இல் ரஷ்யாவின் ஹொரிசான்டும் இவ்வகலத்தைச் சிறு 35 மில்லிமீட்டர் பிலிமுக்குக் கொண்டுவந்தன. அதே 1967இல்தான் நம் உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ‘இந்து’ என்ற பெயருடன் நீலகிரியிலிருந்து பிலிம் வந்த காலம் அது. அவ்வாலை இன்று ஓய்ந்துவிட்டது.

நம் தாபோடி

இனி, நாம் வாழும் இடத்தைப் பார்ப்போம். பம்பாய் கவர்னரின் மழைக்கால மாளிகையும், 1828 முதல் வளர்ந்த தாவரத் தோட்டமும் தாபோடியில் இருந்தன. அத்தோட்டத்துச் செடிகளின் வண்ணச் சித்திரங்கள் எடின்பரோ தாவரத் தோட்டத்தில் இன்றும் காக்கப்படுகின்றன. இலையின் நரம்பும் அவற்றில் தெரிகிறது. ஆனால், ஆறு எங்கே வளைந்தது, ஊர் எங்கே முடிந்தது என்பவற்றைச் செடியின் சித்திரம் சொல்லாது. அதைச் சொல்ல அகலப்படமே வேண்டும்.

1961 ஜூலை 12இல் பான்ஷேத் அணை உடைந்து, முட்டா ஆற்று வெள்ளம் புனேயின் பழைய பேட்டைகளில் புகுந்து எண்ணற்ற வாடாக்களை வீழ்த்தியது. அதற்கு முன் பர்வதி குன்றிலிருந்து யாரேனும் நகரைப் படம் பிடித்திருந்தால், அதன் ஒவ்வோர் அங்குலமும் இன்று ஓர் ஆவணம். வெள்ளம் ஒரே நாளில் செய்வதைக் கட்டடங்கள் மெல்லச் செய்கின்றன. 2023 ஆகஸ்டு முதல் தாபோடியில் மெட்ரோ ரயில் நிற்கிறது. அதன் உயர்ந்த தூண்கள் நம் வானத்தின் வடிவையே மாற்றிவிட்டன.

ஆகவே, நம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். பெட்டிகளில் உள்ள பழைய படங்களையும் நெகட்டிவுகளையும் எறிந்துவிடாதீர்கள். காடி நெடி வீசும் பிலிம் கெடத் தொடங்கியது என்று அறிந்து உடனே பிரதி எடுங்கள். ஈரமும் வெப்பமும் அணுகாமல் மற்றவற்றைக் காத்திடுங்கள். படத்தின் பின்னே இடத்தையும், ஆண்டையும், நிற்பவர் பெயர்களையும் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். கைப்பேசியைத் திருப்பினாலே இன்று அகலப்படம் கிடைக்கிறது. பியாட்டோ கையால் இணைத்ததை அக்கருவி நொடியில் இணைக்கிறது. ஆண்டுதோறும் ஒரே மாடியில் நின்று நம் காலனியை ஒருமுறை படமெடுத்து வைப்போம். அரசரோ தளபதியோ நம் வீடுகளைப் பதிவு செய்யக் காத்திருக்க வேண்டியதில்லை. வந்த ஊரில் நாம் வாழ்ந்த அகலத்தை நம் பேரர்க்குக் காட்டும் கடமை நம்முடையதே.