மரச்சட்டமும் மண்சுவரும்: ஹாலே நகரின் நீண்ட வீடும் பழவேற்காட்டுக் கரையும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்கு அண்மையில் உள்ளது ஆரம்பாக்கம். அதன் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது. ஏரிக்கரையின் மீனவச் சிற்றூர்களில் இன்று கான்கிரீட் வீடுகள் பெருகிவிட்டன. முன்னாளில் அங்கே இருந்தவை பெரும்பாலும் குடில்களே. கம்புகளை நட்டுக் குறுக்குக் கழிகளைக் கட்டி, படல் வைத்து, இருபுறமும் களிமண் பூசி, பனையோலை வேய்வர். அவ்வீட்டில் பாரத்தைத் தாங்குவது மரம்; மண்சுவரோ காற்றையும் வெயிலையும் மறைப்பது மட்டுமே. புயலில் சுவர் கரைந்தாலும், கால்கள் உறுதியாக நின்றால் வீட்டை மீண்டும் பூசிக்கொள்ளலாம்.

இதே நெறியில் எழுந்த பெருங்கட்டடம் ஒன்று ஜெர்மனியின் ஹாலே நகரில் நிற்கிறது. நம் திருச்சபை வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடைய வளாகத்தின் பகுதி அது. ஆதலின் இறையியல் மாணவர் அதனை அறிந்திருத்தல் நலம்.

ஜெர்மானியர் இக்கட்டட முறையை ‘ஃபாக்வெர்க்’ என்பர். தரையீரம் ஏறாதபடி முதலில் கல்லால் அடித்தளம் இடுவர். அதன்மேல் கிடையாக ஓர் அடிமரத்தைக் கிடத்தி, அதில் தூண்களை நிறுத்தி, மேலே உத்திரங்களை ஏற்றுவர். ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி மற்றொன்றின் துளையில் செலுத்தி, மர ஆணியால் இறுக்குவது வழக்கம். தூண்களும் உத்திரங்களும் மட்டும் இருந்தால் சட்டம் காற்றில் ஒருபுறமாகச் சாய்ந்துவிடும். அதைத் தடுக்கவே சாய்வு மரங்களைக் குறுக்கே பொருத்தினர். தச்சர் சட்டம் முழுவதையும் தரையிலேயே பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மரத்திலும் அடையாளக் குறி வெட்டி, பின்னரே நிமிர்த்துவர். இடையிலுள்ள கட்டங்களைக் குச்சிப் படலாலும் வைக்கோல் கலந்த களிமண்ணாலும், சில இடங்களில் செங்கல்லாலும் அடைப்பர்.

ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1695இல் ஹாலேயில் ஏழைச் சிறுவருக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1698இல் அநாதை இல்லத்தின் தலைமைக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மாணவர் தொகை பெருகவே, அதன் பின்னே முற்றத்தின் இருபுறமும் கட்டடங்கள் எழுந்தன. அவற்றுள் ஒன்றே 1710களில் கட்டப்பட்ட ‘நீண்ட வீடு’. நூறு மீட்டருக்கும் மேல் நீண்டு, பல மாடிகளாக உயர்ந்துள்ள இது, ஐரோப்பாவின் மிகப் பெரிய மரச்சட்டக் குடியிருப்புக் கட்டடங்களுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அரச மாளிகைக்குரிய அலங்காரம் இதில் இல்லை. மாணவர் தங்கிப் பயிலவே இது எழுந்தது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ஹாலேயில் தமிழ் அச்செழுத்துகளும் வெட்டப்பட்டன. 1713இல் அவை தரங்கம்பாடியை அடைந்தன. 1715இல் சீகன்பால்கின் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கு அச்சாகி முற்றுப்பெற்றது. 1750இல் இந்தியா வந்த ஷ்வார்ட்ஸ், தமிழைப் பயிலத் தொடங்கியதும் ஹாலேயிலேதான்.

ஹாலேயில் இறையியல் பயின்ற மற்றொருவர் பெப்ரீஷியஸ். அவர் 1740இல் இந்தியா வந்து, 1742 முதல் சென்னையில் பணியாற்றினார். 1746இல் பிரெஞ்சுப் படை சென்னையைக் கைப்பற்றியபோது, அவர் டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். கெல்ட்ரியா கோட்டையின் நிழலில், இந்த ஏரிக்கரையிலேயே அவரது பணி தொடர்ந்தது. 1748ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி சென்னை 1749இல் ஆங்கிலேயரிடம் திரும்பியது. பெப்ரீஷியஸும் திரும்பினார்; வேப்பேரி அவர் பணியின் மையமாயிற்று. அவர் மேற்கொண்ட வேதாகம மொழிபெயர்ப்பும், 1779இல் வெளிவந்த அகராதியும் தமிழ்த் திருச்சபைக்குக் கிடைத்த செல்வங்கள்.

கட்டடத்தை இழந்தும் சபை கலையவில்லை என்பதை இங்கு நாம் கவனித்தல் வேண்டும். கெல்ட்ரியா கோட்டை இன்று சிதைந்து கிடக்கிறது; டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம் மட்டுமே தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அக்கரையில் அடைக்கலம் பெற்ற சபையோ வேப்பேரியில் தழைத்தது.

அப்படியாயின் கட்டடங்களைப் பேணுவது வீண் எனலாமோ? ஹாலேயின் பிற்கால வரலாறு அதற்கு விடை தருகிறது. 1946இல் ஃபிராங்கேயின் நிறுவனம் தன் சட்டப்பூர்வமான தனித்தன்மையை இழந்து பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. கிழக்கு ஜெர்மானிய ஆட்சிக்காலத்தில் கட்டடங்கள் பராமரிப்பின்றிப் பெரிதும் பழுதுற்றன. ஜெர்மனி ஒன்றுபட்டபின் 1992இல் நிறுவனம் மீண்டும் நிலைபெற்றது; பவுல் ராபே என்னும் அறிஞரின் தலைமையில் சீரமைப்பு தொடங்கியது. இன்று அவ்வளாகத்தில் பள்ளிகளும் நூலகமும் ஆவணக்காப்பகமும் இயங்குகின்றன. தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்குப் பேணப்படுகின்றன.

மரச்சட்ட வீட்டைச் சீரமைக்கும் தச்சன் அதனை இடித்துத் தள்ளுவதில்லை. உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அவ்விடத்தில் புதுமரத்தை ஒட்டவைக்கிறான். களிமண் அடைப்பு தேவைக்கேற்ப மாறலாம், சட்டம் காக்கப்படவேண்டும். பெரும்பாலும் கேடு தொடங்குவது, எவர் கண்ணிலும் படாத அடிமரத்தில். ஆகவே அவன் முதலில் குனிந்து பார்ப்பது அதைத்தான்.

நம் நாட்டில் பழைய ஆலயங்கள் பல, இடம் போதவில்லை என்றும் பழுதாயிற்று என்றும் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் புதிய கட்டடங்கள் எழுகின்றன. சில வேளை அது தவிர்க்க இயலாததாகலாம். எனினும் முடிவெடுக்கும் குருவானவரும் சபைக் குழுவும் முதலில் சில வினாக்களைக் கேட்டல் தகும்: இங்கே பாரம் தாங்குவது எது, அடைப்பு எது? பழுது சுவரிலா, கூரையிலா, அடித்தளத்திலா? இடித்தால் நினைவுக் கற்களும் ஞானஸ்நானப் பதிவேடுகளும் எங்கே வைக்கப்படும்? சுவர் வெடித்தது என்பதற்காக உறுதியான சட்டத்தையும் சாய்த்துவிட்டால், முன்னோர் ஒன்றோடொன்று பொருத்திவைத்த மரங்களை மீண்டும் பொருத்தும் கைகள் நம்மிடம் இல்லை. பழவேற்காட்டு மீனவன் தன் குடிலைப் பூசுமுன் கால்களை அசைத்துப் பார்ப்பான். அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.