குடல் புற்றுநோய்ப் பரிசோதனையும் வயது வரம்பும்: அஞ்செட்டிப் பகுதியை முன்வைத்து ஒரு வரலாறு

அறிகுறி எதுவும் தோன்றுமுன்னரே நோயைத் தேடிக் கண்டறிவதை மருத்துவத் துறையினர் முன்கண்டறிதல் பரிசோதனை என்பர். பெருங்குடலிலும் அதன் கடைப்பகுதியான மலக்குடலிலும் வரும் புற்றுநோய்க்கு இம்முறை நன்கு பொருந்தும். இந்நோய் பெரும்பாலும் குடலின் உட்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுவதால், இடைப்பட்ட காலத்தில் அதை அகற்றிவிட்டால் நோயையே தடுத்துவிடலாம். இந்த வாய்ப்பு யாருக்கு, எந்த வயதில், எவ்வளவு தொலைவில் கிடைத்தது என்பதே இப்பரிசோதனையின் வரலாற்றில் முதன்மையான கேள்வியாகும். கர்நாடக எல்லையையொட்டிக் காடுகளும் கேழ்வரகுக் கொல்லைகளும் சூழ அமைந்து, மேல்சிகிச்சைக்குத் தேன்கனிக்கோட்டை வழியாக ஓசூருக்கும் பெங்களூருக்கும் செல்ல வேண்டியுள்ள அஞ்செட்டிப் பகுதிக்கு அக்கேள்வி இன்றும் தீராத கேள்வியாகவே உள்ளது.

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை எழுந்ததற்கே இளம்வயதில் வந்த மலக்குடல் புற்றுநோய் ஒன்று காரணமாயிற்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு 1920களின் முற்பகுதியில் மலக்குடலில் புற்றுநோய் ஏற்பட்டபோது, அது சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டு அதற்குரிய மருத்துவமே அளிக்கப்பட்டது. உண்மை தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. அந்த இழப்பின் தாக்கத்தால் புற்றுநோய் மருத்துவமனை ஒன்றை நிறுவ அவர் நெடுங்காலம் பாடுபட்டார். இந்திய மாதர் சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியைக் கொண்டு எழுப்பப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளுடன் அது செயல்படத் தொடங்கியது. டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் பணியில் சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதைத் தென்னிந்தியாவின் முதன்மையான புற்றுநோய் மையமாக வளர்த்தனர்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் சோதனை இம்மருத்துவமனையைவிடப் பழைமையானது. குவாயாக் என்னும் மரத்தின் பிசின் ரத்தம் பட்டால் நீலமாக மாறும் இயல்பைக் கொண்டு, டச்சு மருத்துவர் வான் டீன் 1864இல் இச்சோதனைக்கு வழிவகுத்தார். பிசின் பூசிய அட்டையில் சிறிதளவு மலத்தைத் தடவி, ஹைட்ரஜன் பெராக்சைடு சில துளிகள் விட்டு, நீல நிறம் தோன்றுகிறதா என்று பார்ப்பதே முறை. அமெரிக்க மருத்துவர் டேவிட் கிரீகர் 1967இல் இவ்வட்டையை நோயாளிகளிடமே கொடுத்து வீட்டிலிருந்து மாதிரி கொண்டுவரச் செய்தபோது, மருத்துவமனைக்குள் இருந்த சோதனை மக்களின் கைக்கு வந்தது. 1969இல் உல்ஃப், ஷின்யா ஆகிய இருவரும், பெருங்குடலுக்குள் நெகிழ்வான குழாயைச் செலுத்திப் பார்க்கும் கோலனோஸ்கோபி வழியாகவே பாலிப்பை வெட்டியெடுக்கும் முறையை உருவாக்கினர். மினசோட்டாவில் 50 முதல் 80 வயதுக்குட்பட்ட 46,551 பேரிடம் நடத்தப்பட்டு 1993இல் வெளியான ஆய்வு, ஆண்டுதோறும் மலப் பரிசோதனை செய்துகொண்டவர்களிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை நிறுவியது. பின்னர் வந்த எஃப்.ஐ.டி. என்னும் சோதனை மனித ரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டுமே இனங்காண்பதால், முந்தைய சோதனைக்குத் தேவைப்பட்ட உணவுக் கட்டுப்பாடும் தேவையற்றுப் போயிற்று.

தொடக்கத்தில் இச்சோதனைகள் முதியோருக்கே உரியனவாகக் கருதப்பட்டன. இங்கிலாந்து 2006இல் 60 வயதினரிடமிருந்து தொடங்கி, 2021முதல் படிப்படியாக 50 வயதுக்கு இறங்கியது. ஜப்பானோ 1992இலேயே 40 வயதிலிருந்து வழங்கியது. அமெரிக்காவில் 1990ஐ ஒட்டிப் பிறந்தோருக்கு, 1950ஐ ஒட்டிப் பிறந்தோரைவிடப் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு இரு மடங்காகவும் மலக்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு நான்கு மடங்காகவும் உயர்ந்திருப்பது 2017இல் தெரியவந்தபின், அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2018இலும் அந்நாட்டு அரசு சார்ந்த நிபுணர் குழு 2021இலும் தொடக்க வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தன.

இந்தியாவில் 2016இல் வகுக்கப்பட்ட தேசிய நெறிமுறை, 30 வயதைக் கடந்தோருக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பரிசோதனை வகுத்தது. குடல் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. மேலைநாடுகளைவிட இந்நோய் இங்குக் குறைவு என்பதும், கோலனோஸ்கோபி வசதி பெரும்பாலும் பெருநகர்களிலேயே இருப்பதும் அதற்கு வலுவான காரணங்கள். ஆயினும் வருகின்ற நோயாளிகள் இளையோராக உள்ளனர்: மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2017இல் வெளியிட்ட 800 நோயாளிகள் பற்றிய ஆய்வில் சராசரி வயது ஏறத்தாழ 47 மட்டுமே. மலத்தில் ரத்தம் கண்ட இளைஞர் அதை மூலம் என்றோ உடற்சூடு என்றோ எண்ணி, பேருந்து நிலையச் சுவர்களில் மூலம், பவுத்திரத்துக்கு விளம்பரம் செய்வோரை நாடிச் சென்று மாதங்களை இழப்பது, முத்துலட்சுமியின் தங்கைக்கு நேர்ந்த தவறு நூறாண்டு கடந்தும் தொடர்வதற்குச் சான்றாகும்.

இத்தவறைத் திருத்துவதற்கான அடித்தளம் அஞ்செட்டி அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே இடப்பட்டிருக்கிறது. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு வீடு தேடிச் சென்று பரிசோதித்து மருந்து வழங்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5 அன்று இம்மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால், 1973இல் தொடங்கப்பட்ட பெங்களூரு கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளது.

அமெரிக்க வயது வரம்பை அப்படியே இங்குக் கொண்டுவந்து எல்லா இளைஞருக்கும் கோலனோஸ்கோபி செய்வது தேவையுமன்று, இயல்வதுமன்று. மூலமும் குடற்புழுவும்கூட ரத்தக்கசிவை உண்டாக்கும் என்பதால், மலச் சோதனையில் ரத்தம் தெரிந்த எல்லோருக்கும் புற்றுநோய் என்று பொருளும் இல்லை. ஆனால் ரத்தப்போக்கு, காரணம் விளங்காத ரத்தசோகை, மாறிவிட்ட மலப்பழக்கம், குடும்பத்தில் இந்நோய் இருந்த வரலாறு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், வயது இருபத்தைந்தே ஆனாலும், கையுறை அணிந்த விரலால் மலக்குடலைத் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யப்பட வேண்டும். தேவைப்படுவோரை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பி, அவர்கள் அங்குச் சென்று சேர்ந்தார்களா என்பதும் கண்காணிக்கப்பட வேண்டும். 45 வயதைக் கடந்தோருக்கு மலப் பரிசோதனையை வீடு தேடிச் செல்லும் திட்டத்தோடு இணைத்து, முதலில் ஒரு வட்டாரத்தில் செயல்படுத்திப் பார்க்கலாம். அதற்கு அஞ்செட்டியைவிடப் பொருத்தமான இடமில்லை; மருத்துவமனையிலிருந்து தொலைவில் வாழும் மக்களுக்குப் பயன்படும் முறையே மாநிலம் முழுவதற்கும் பயன்படும். மலத்தில் ரத்தம் கண்டவர் கூச்சத்தை விட்டு உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வயதைக் காரணம் காட்டி அதைத் தள்ளிவிடாதிருப்பது மருத்துவரின் கடமை.