டாக்டர் அந்தப் பக்கம், நோயாளி இந்தப் பக்கம்: தொலைமருத்துவத்தின் கதை

அரூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆனால் சித்தேரி மலையிலிருந்து இறங்கி அரூருக்கு வருவதே ஒரு பயணம். தோலுக்கு, கண்ணுக்கு என்று தனி டாக்டரைத் தேடி தருமபுரிக்குப் போனால் இன்னும் 40 கிலோமீட்டர். பஸ் ஏறி, சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, மருந்தோடு திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். உயிர் போகிற நோய் என்றால் யாரும் கணக்குப் பார்க்கமாட்டார்கள். போன மாதம் எழுதிக் கொடுத்த சர்க்கரை மாத்திரையையே தொடரலாமா, குழந்தையின் கையில் இருப்பது படையா அரிப்பா என்று கேட்க ஒரு நாள் கூலியை விடுவார்களா? பெரும்பாலும் விடுவதில்லை. மருந்துக் கடையில் ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

இந்தச் சின்னச் சின்ன நோய்களுக்குத்தான் இன்று செல்போனில் டாக்டர் கிடைக்கிறார். இது கொரோனா கொண்டுவந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதற்கு வயது நூறுக்கும் மேல்!

1905-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில், வில்லெம் ஐந்தோவன் ஆஸ்பத்திரி நோயாளிகளின் இதய மின்னலைகளைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வகத்துக்கு வரவழைத்தார். காரணம் வேடிக்கையானது. அவருடைய ஈ.சி.ஜி. கருவி அவ்வளவு பெரியது, நகர்த்த முடியாது. கருவி நோயாளியிடம் போகாததால் நோயாளியின் துடிப்பு கருவியிடம் வந்தது.

அன்றாட வைத்தியத்துக்குத் தொலைவில் இருந்தே வழி செய்தவர்கள் ஆஸ்திரேலியர்கள். அங்கே பண்ணை வீடுகளுக்கும் டாக்டருக்கும் இடையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வெட்டவெளி. 1928-ல் பறக்கும் டாக்டர் சேவை தொடங்கியது. 1929-ல் ஆல்ஃபிரட் டிரேகர், காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோவைக் கொடுத்தார். (தையல் மிஷின் மிதிப்பது போலத்தான்.) ஆனால் எல்லாவற்றையும் விட சாமர்த்தியமான விஷயம் ஒரு மருந்துப் பெட்டி. 1940-களில் பண்ணைகளுக்கு ஒரே மாதிரி மருந்துப் பெட்டிகள் வந்தன. உள்ளே ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண். ரேடியோவில் டாக்டர் வாயில் நுழையாத மருந்துப் பெயரைச் சொல்லவேண்டாம், எண்ணைச் சொன்னால் போதும். கேட்பவர் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிடுவார். படம் கிடையாது, வீடியோ கிடையாது. இந்தப் பக்கம் நோயாளிக்கு அருகில் இருந்து, பார்த்ததைச் சரியாகச் சொல்ல ஒருவர் இருந்தார், அவ்வளவுதான். அந்த "ஒருவரை" மறந்துவிடாதீர்கள், கதை முழுக்க வருவார்.

நம் பக்கம் வருவோம். 2000 மார்ச் 24 அன்று, ஹைதராபாத் வந்திருந்த அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன், அரகொண்டா கிராமத்தின் தொலைமருத்துவ மையத்தை முறைப்படி தொடங்கி வைத்தார். ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருக்கும் அந்தக் கிராமம், அப்பல்லோ நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர். பிறகு இஸ்ரோ செயற்கைக்கோள் வழியாகப் பல ஊர்களை இணைத்தது. 2002-ல் போர்ட் பிளேர் அரசு மருத்துவமனை, சென்னை ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியோடு பேசியது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் அவை பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையே நடந்த பேச்சு. இருமலுக்கும் படைக்கும் யார் செயற்கைக்கோளைத் திறப்பார்கள்?

அந்த இடைவெளியைத் தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை நிரப்பியது. 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்தார்கள். பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீண்ட தூர வைஃபை அமைத்துக் கொடுத்தார்கள். மையத்தில் டாக்டர் கிடையாது. பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைச் சோதித்து, படம் எடுத்து அனுப்புவார். டாக்டர் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே வீடியோவில் நோயாளியிடம் பேசுவார். பலருக்குக் கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதும். ஊர்விட்டு ஊர் போகும் அலைச்சல் மிச்சம்.

இந்த யோசனையின் பாதி, அரூர் பக்கத்தில் இணையமே இல்லாமல் முன்பே நடந்தது. கல்வராயன், சித்தேரி மலைகளுக்கு இடையில் உள்ள சிட்லிங்கிக்கு 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி வந்தார்கள். முதல் ஆஸ்பத்திரி ஒரு கூரைக் குடிசை. மலையாளிப் பழங்குடிப் பெண்களுக்குப் (கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை) பயிற்சி கொடுத்து, ஊர் ஊராகச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். எதை வீட்டிலேயே பார்க்கலாம், எதை உடனே தூக்கி வரவேண்டும் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. கம்பியில்லாத தொலைமருத்துவம் என்று இதைச் சொன்னால் தப்பில்லை.

தொழில்நுட்பம் தயாரான பிறகும் சட்டம் தயங்கியது. டாக்டர் ஊரில் இல்லாதபோது போனில் சொன்ன சிகிச்சை நடந்து, பிரசவமான பெண் இறந்த வழக்கில், 2018-ல் மும்பை உயர் நீதிமன்றம் டாக்டர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. போனை எடுக்கவே பல டாக்டர்கள் பயந்தார்கள். தெளிவான விதிமுறை 2020 மார்ச் 25 அன்றுதான் வந்தது. கிளிண்டன் தொடங்கி வைத்து சரியாக இருபது வருடமும் ஒரு நாளும்! நாடு ஊரடங்கில் நுழைந்த முதல் நாள் அது. காய்ச்சல் மாத்திரை போன்றவற்றை எந்த வழியில் பேசினாலும் எழுதலாம். சிலவற்றுக்கு முதல்முறை வீடியோவில் பார்க்கவேண்டும். போதை தரும் மருந்துகளை எழுதவே கூடாது.

அடுத்த மாதம் 13-ம் தேதி மத்திய அரசின் இ-சஞ்சீவனி ஓ.பி.டி. இலவசமாக வந்தது. அந்தச் சேவையின் தொடக்க மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலம் தமிழ்நாடு. ஆனால் ஸ்மார்ட்போனும் சிக்னலும் இருக்கிறவர்களுக்குத்தான் அது இலவசம். கிழவிக்கு போன் பிடிக்கப் பேரன் வேண்டும், பேரன் திருப்பூரில் வேலைக்குப் போயிருப்பான். தவிர, வயிற்று வலி என்றால் கை வைத்து அழுத்திப் பார்க்கவேண்டும். அதற்கு எந்தத் திரையும் உதவாது.

2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற பெண் தன்னார்வலர்கள் மாத்திரையோடு வீட்டுக்கே வருகிறார்கள். அவர்கள் கையில் கருவி இருக்கிறது, கிழவியின் பெயரும் தெரியும். அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து போனில் டாக்டரையும் கூப்பிட்டுவிட்டால், ஆஸ்திரேலியப் பண்ணையில் மருந்துப் பெட்டிக்கு அருகில் நின்ற அந்த ஒருவர் இங்கேயும் வந்துவிட்டார் என்று அர்த்தம். திட்டம் தொடங்கிய சாமனப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரை அதுவும் தருமபுரி மாவட்டம்தான்.