பிரேக் லிவர் பஞ்சு மாதிரி அமுங்குதா? ஏர் எடுக்கும் முன் இந்த சின்ன ஸ்க்ரூவை பாருங்க!

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை பிடித்தபடியே பைக்கில் இறங்கினால், டிஸ்க்கின் சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. ஈரம் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்க வாய்ப்பு உண்டு. கொதித்தால் குமிழ் வரும். ஆயில் அமுங்காது, குமிழ் அமுங்கும். அப்போது லிவர் கைப்பிடி வரை வந்துவிடும், வண்டி நிற்காது.

அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஆயிலை மாற்றி, ஏர் எடுக்கச் சொல்கிறார்கள். இதை வீட்டிலேயே செய்யலாமா? டிஸ்க் பிரேக் பைக் என்றால் செய்யலாம்.

ஏர் எடுப்பது எப்படி?

காலிப்பரில் இருக்கும் ப்ளீடர் ஸ்க்ரூவில் ஒரு டியூபை மாட்டி, மறுமுனையை கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கி வையுங்கள். லிவரை நாலைந்து முறை அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை கால் சுற்று திறந்தால் குமிழோடு ஆயில் வரும். ஸ்க்ரூவை மூடிய பிறகுதான் லிவரை விடணும். முதலில் விட்டால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். மேலே உள்ள டப்பாவில் ஆயில் குறைந்தபட்ச கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. பெயிண்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றி கழுவுங்கள், இல்லையென்றால் பெயிண்ட் உரிந்துவிடும்.

பிரச்னை ஆரம்பிப்பதே ஸ்க்ரூவில்தான்

ப்ளீடர் ஸ்க்ரூ உள்ளே துளை உள்ளது, அதனால் பலம் குறைவு. ரப்பர் மூடி தொலைந்தால் சேறும் தண்ணீரும் புகுந்து துரு பிடிக்கும். அப்படி இறுகிப்போனதை ஓப்பன் ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கும், இன்னும் அழுத்தினால் ஒடிந்தே போகும். துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி ஊறவிட்டு, லேசாகத் தட்டி, ஆறுமுக சாக்கெட் போட்டுத் திருப்புவதே நல்லது. ஸ்பிரே டிஸ்க்கிலும் பேடிலும் படக்கூடாது.

கசிந்தால் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுவது பலருடைய வழக்கம். அது வீண் வேலை. ஆயிலை அடைப்பது மரை இல்லை, ஸ்க்ரூவின் கூம்பு நுனி. அது காலிப்பருக்குள் உள்ள இருக்கையில் சரியாக உட்கார்ந்தால்தான் கசிவு நிற்கும். நுனி தேய்ந்திருந்தால் புதுசு மாற்றுவதுதான் வழி. பழையதை கடைக்கு எடுத்துப் போய் மரை, நீளம், நுனி மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். மரை மாறினால் காலிப்பரே வீண்.

புதுசை முதலில் கையால் திருகி, பிறகு சின்ன ஸ்பேனரால் மேனுவலில் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பழையதை கழற்றியபோது காற்று புகுந்திருக்கும் என்பதால் மறுபடி ஏர் எடுத்தே ஆகணும்.

ஸ்க்ரூ உள்ளே ஒடிந்துவிட்டாலோ, ஏ.பி.எஸ். யூனிட்டுக்குள் காற்று போய்விட்டாலோ கைவைக்காமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். சில வண்டிகளில் அந்தக் காற்றை எடுக்க ஸ்கேனர் கருவி தேவைப்படும். வேலை முடிந்ததும் லிவரை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினாலோ, ஸ்க்ரூவைச் சுற்றி ஈரம் தெரிந்தாலோ வண்டியை ரோட்டில் இறக்காதீங்க.