தேசவழமையில் சொத்தின் வகைகள்: யாழ்ப்பாணக் குடும்பச் சட்டச் சொற்கள் பற்றிய ஆய்வு

1. சட்டமும் அதன் எல்லையும்

ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி குடாநாட்டு வழமைகளைத் தேசவழமையாகத் தொகுத்து 1707இல் முடித்தார். தமிழாக்கத்தைப் பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்டனர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு கொடுத்தனர். இன்று தம்பதியரின் சொத்துரிமையையும் வாரிசுரிமையையும் முதன்மையாக ஆள்வது 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதன் 1947ஆம் ஆண்டுத் திருத்தமும் ஆகும்.

இது சொத்துக்கான சட்டம். சைவரையும் கிறிஸ்தவரையும் ஒன்றுபோலவே கட்டுப்படுத்தும். விவாகரத்து பொதுச் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்திலும், தாபரிப்பு வழக்கு 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்திலும் நடக்கும்.

2. நான்கு வகைச் சொத்துகள்

பெற்றோர், பேரன் பேர்த்தி முதலான முன்னோர் இறந்தபின் வழிவழியாக இறங்குவது முதுசம். பிள்ளையில்லாத சிறியதாயோ சகோதரனோ இறந்து வருவது உரிமை. மகளுக்குக் கலியாணத்தை முன்னிட்டுக் கொடுப்பது சீதனம்.

சீதன உறுதி ஒன்றை எடுத்துப் பார்த்தால் காணியின் பெயர், பரப்பு, குழி, நான்கு எல்லைகள், கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை வரை நொத்தாரிசு எழுதியிருப்பார். கிணற்றில் பங்கில்லாத வளவால் என்ன பயன்? அந்தக் கவனத்தின் மறுபக்கம் கடுமையானது. பழைய தொகுப்பின்படி சீதனம் பெற்ற மகள் அதோடு அமைந்துவிட வேண்டும். பெற்றோரின் மிச்சச் சொத்தில் அவளுக்குப் பங்கில்லை. கொடுத்ததைப் பத்து ஆண்டுக்குள் ஆட்சிக்கு எடுக்காவிட்டால் அதையும் இழப்பாள்.

வழக்குகள் அதிகம் பிறப்பது நான்காவது வகையான தேடியதேட்டத்தில்தான். 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இரண்டு மட்டுமே அதில் அடங்கும்: திருமணம் நிலைத்திருக்கும்போது, தனிச் சொத்திலிருந்து வராத பணத்தைக் கொடுத்து வாங்கியது, தனிச் சொத்திலிருந்து அக்காலத்தில் கிடைத்த வருமானம். ஆசிரியை ஒருவர் சம்பளத்தில் மிச்சம்பிடித்து நல்லூரில் வாங்கும் காணி தேடியதேட்டம். அவரே சீதனக் காணியை விற்று, அந்தக் காசில் வேறு காணி வாங்கினால் அது தேடியதேட்டம் ஆகாது. ஆகவே காசு எங்கிருந்து வந்தது என்பதை உறுதியில் எழுதிவைக்குமாறு ஒவ்வொரு பெண்ணும் நொத்தாரிசிடம் கேட்க வேண்டும். தேட்டத்துக்கு உரியவர் மரணசாசனம் எழுதாமல் இறந்தால் அதில் பாதி வாழ்க்கைத்துணைக்கும் மற்றப் பாதி வாரிசுகளுக்கும் போகும்.

3. கணவனின் சம்மதம்

1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ நன்கொடை எழுதவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவனின் முதுசக் காணிக்கு மனைவியின் கையெழுத்தை எவரும் கேட்பதில்லை. நாட்டின் ஏனைய பெண்கள் பலரை இத்தகைய தளையிலிருந்து விடுவித்த 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தேசவழமைக்கு உட்பட்ட பெண்களை வெளியே நிறுத்திவிட்டது. இதை வழமையின் பெருமையாகப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

கனடாவில் இருக்கும் கணவன் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பலாம். போரில் காணாமற்போனவரிடம் யார் கையெழுத்து வாங்குவது? கணவன் கைவிட்டாலோ, பிரிந்திருந்தாலோ, இருப்பிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றி மறுத்தாலோ, சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறச் சட்டம் வழிவிடுகிறது. ஆனால் மனு, சட்டத்தரணி, தவணை என்று அலைய வேண்டியவர் அந்தப் பெண்தான். மகளின் படிப்புக்காகத் தன் பெயரில் உள்ள இரண்டு பரப்பை விற்க வருபவர், கணவன் இல்லாததை மன்றில் நிறுவ வேண்டியிருக்கிறது. சம்மதம் கோரும் இந்தப் பிரிவை நீக்குவதால் முதுசமோ தேடியதேட்டமோ குலையாது. மரணசாசனத்தால் அதே காணியை யாருக்கும் எழுதிவைக்க அவளுக்குச் சம்மதம் தேவையில்லை என்று 1911ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. இறந்தபின் நடைமுறைக்கு வரும் அந்த உரிமை, உயிரோடு இருக்கும்போதே அவளுக்கு வேண்டும்.