எண்பத்தைந்து நாள் மூடிக்கிடந்த துறைமுகம்

அக்கா மகன் ஆடும் போர் விளையாட்டில் 1944-ஆம் ஆண்டு ஐரோப்பாவின் வரைபடம் மேசை முழுக்க விரிந்திருக்கும். துறைமுகச் சின்னம் போட்ட கட்டத்துக்குள் உங்கள் படை நுழைந்துவிட்டால் போதும், அடுத்த சுற்றிலேயே புதிய டிவிஷன்களை அங்கே இறக்கலாம். ஆட்டத்துக்கு அந்த விதி சரிதான். ஆண்ட்வெர்ப்புக்குச் சரிவராது. சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருந்த காலத்தில் அந்த ஊருக்குப் பலமுறை போயிருக்கிறேன். கடலிலிருந்து அங்கே போய்ச் சேரும் வழியைப் பார்த்தவனுக்கு, 1944 செப்டம்பரில் நடந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரியும்.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் கடற்கரை ஊரில்லை. ஷெல்ட் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஹூக்ளி வழியாகக் கொல்கத்தாவுக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். வடக்கிலிருந்து வரும் கப்பல் வால்கெரன் தீவை ஒட்டியேதான் வந்தாக வேண்டும். வெஸ்ட்காபெல் கலங்கரை விளக்கம் இடப்பக்கம் அவ்வளவு கிட்டத்தில் நகரும். கரைமேட்டில் நாயோடு நடப்பவரை பிரிட்ஜிலிருந்து வெறும் கண்ணால் பார்க்கலாம். ஃப்ளஷிங் ஊருக்கு முன்னால் கடல் பைலட் இறங்கிக்கொள்ள, ஆற்று பைலட் ஏறுவார். அங்கேயும் ஆழமான நீர் கரையோரம்தான். எதிர்க்கரையில் பிரெஸ்கன்ஸ். பிறகு டெர்நியூசன், ஹான்ஸ்வெர்ட் வளைவு என்று மணல்திட்டுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும். இந்த இரு கரைகளிலும் பீரங்கியும் நடுவில் கடற்கண்ணியும் வைத்திருப்பவன் மனது வைக்காமல் ஒரு தோணிகூட மேலே போக முடியாது.

அந்தக் கோடையில் நேசப் படைகளுக்குத் துறைமுகம் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. பிரான்ஸின் செர்போர் துறைமுகத்தை ஜூன் கடைசியில் பிடித்தார்கள். ஆனால் ஜெர்மானியர்கள் அதைத் தகர்த்திருந்த விதத்தில், முதல் சரக்கை இறக்க ஜூலை பாதி ஆகிவிட்டது. பிரெஸ்ட் துறைமுகத்துக்காக செப்டம்பர் வரை போரிட்டார்கள். அமெரிக்கத் தரப்பில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டோ காயப்பட்டோ போனபின் கையில் கிடைத்தது இடிபாடு. அதைப் பயன்படுத்தவே இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில்தான் செப்டம்பர் 4 அன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்றான ஆண்ட்வெர்ப், பழுதில்லாமல் கைக்கு வந்தது.

பழுதில்லாமல் வந்ததற்கு முழுக் காரணம் ஊர்க்காரர்கள். ராபர்ட் வெகமன்ஸ் என்ற பெல்ஜியப் பொறியாளர் அன்று காலை சாலையில் நின்று பிரிட்டிஷ் டாங்குகளை வழிமறித்தார். பூம் என்ற இடத்தில் பெரிய பாலத்துக்கு வெடி வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் இன்னொரு பழைய பாலம் இருக்கிறது என்று சொல்லி, 11-வது கவச டிவிஷனை அந்த வழியாகக் கூட்டிப்போனார். துறைமுகத்துக்குள் யூஜின் கோல்சன் தலைமையில் தலைமறைவுப் போராளிகள் லாக் கதவுகளையும் கிரேன்களையும் காத்து நின்றார்கள். லாக் கதவு என்பது அங்கே சின்ன விஷயமில்லை. ஆற்றில் நீர்மட்டம் ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். கதவைத் தகர்த்துவிட்டால், நீர் வற்றும்போது உள்ளே நிற்கும் கப்பல் தரைதட்டிப் போகும். அந்த மனிதர்கள் காப்பாற்றிக் கொடுத்ததன் மதிப்பைத் தளபதிகள் உணர்ந்திருந்தால் அன்றே வடக்கே திரும்பியிருப்பார்கள்.

திரும்பவில்லை. இன்னும் 30 கிலோமீட்டர்போலப் போயிருந்தால் தீவுகளை நிலத்தோடு இணைக்கும் குறுகிய கழுத்தை அடைத்திருக்கலாம். படைகளோ ரைன் நதியையே பார்த்துக்கொண்டு நின்றன. கடற்படைத் தளபதி ராம்சே முந்தைய நாளே எச்சரித்திருந்தார்: எதிரி நீர்வழியில் கண்ணி வைத்து அடைத்தால், துறைமுகத்தைத் திறக்க எவ்வளவு நாளாகும் என்று சொல்லவே முடியாது. கடலறிந்தவர் பேச்சு அன்று எடுபடவில்லை. ஜெர்மனியின் 15-வது படை பிரெஸ்கன்ஸிலிருந்து ஃப்ளஷிங்குக்கு இரவோடு இரவாகப் படகேறிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்துக்குள் குறைந்தது 65,000 பேர், பீரங்கிகளோடும் குதிரைகளோடும் தப்பினார்கள். ஆற்றின் இரு கரைகளையும் காக்க வேண்டிய ஆட்களையும் விட்டுவிட்டே போனார்கள். அந்தக் களத்தில் முன்னேறிய தளபதி ஹாரக்ஸ், பிழை தன்னுடையது என்று பின்னாளில் நினைவுக் குறிப்பில் எழுதினார். அவருக்கு மேலிருந்த பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரியும் தன் பிழையை ஒப்புக்கொண்டார்.

துறைமுகம் மூடிக்கிடந்ததால் வலுவூட்டல் படைகளுக்கு என்ன ஆயிற்று என்பதை எந்த ஆட்டப் பலகையும் சரியாகக் காட்டி நான் பார்த்ததில்லை. அமெரிக்காவிலிருந்து 26, 95, 104-வது காலாட்படை டிவிஷன்கள் வந்து இறங்கவே செய்தன. இறங்கியும் நார்மண்டியிலேயே முடங்கின. களத்தில் ஏற்கெனவே இருந்த படைகளுக்குச் சாமான் ஏற்றிப்போக அவர்களுடைய லாரிகளை எடுத்துக்கொண்டார்கள். போரிடும் ஒரு டிவிஷனுக்கு நாளொன்றுக்கு 600 டன் அளவுக்குச் சரக்கு வேண்டும். அதையெல்லாம் நார்மண்டியிலிருந்து சாலை வழியே இழுத்தது ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ லாரித் தொடர். ஓட்டுநர்களில் பெரும்பாலோர் கறுப்பின வீரர்கள். ராப்பகலாக ஓட்டி, நவம்பர் நடுவரை 4 லட்சம் டன்னுக்கு மேல் கொண்டுசேர்த்தார்கள். ஆட்ட விதி எழுதுபவர்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு: வந்து இறங்கும் படையின் எண்ணிக்கையோடு, அதற்குச் சோறும் பெட்ரோலும் எந்த வழியாக வரும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஆற்றைத் திறக்கும் வேலை கனடாவின் முதல் படையின் தலையில் விழுந்தது. அக்டோபர் முழுவதும் பிரெஸ்கன்ஸ் பக்கத்துத் தாழ்நிலங்களில், இடுப்பளவு நீரிலும் சேற்றிலும் போர். வால்கெரன் தீவு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் கிண்ணம் மாதிரி. கரைமேட்டை உடைத்தால் தீவு மூழ்கும் என்று தெரிந்தே, அக்டோபர் 3 அன்று வெஸ்ட்காபெலில் குண்டு வீசி உடைத்தார்கள். காற்றாலை ஒன்றின் அடியில் ஒதுங்கியவர்கள் உட்பட, அந்தச் சின்ன ஊரில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட குடிமக்கள் இறந்தார்கள். முந்தின நாள் துண்டுப் பிரசுரம் போட்டு எச்சரித்ததாகச் சொல்வார்கள். சுற்றிலும் கடல் இருக்கும் தீவில் அவர்கள் எங்கே போயிருக்க முடியும்? நான் அந்தக் கரைமேட்டில் நின்றிருக்கிறேன். ஒரு ஷெர்மன் டாங்கு நினைவுச் சின்னமாக நிற்கிறது. உள்பக்கம், அன்று கடல் புகுந்து அரித்த இடம் இன்னும் ஏரியாகக் கிடக்கிறது.

நவம்பர் 1 அன்று அந்த உடைப்பின் வழியாகவே பிரிட்டிஷ் கமாண்டோக்கள் தரையிறங்கினார்கள். கரையோர பீரங்கிகளின் கவனத்தைத் தங்கள்மேல் இழுத்துக்கொண்ட ஆதரவுப் படகுகளில் பாதிக்கு மேல் மூழ்கின அல்லது செயலிழந்தன. ஒரு வாரத்தில் தீவு பணிந்தது. ஐந்து வாரப் போரில் கனடாவின் படைக்கு நேர்ந்த இழப்பு 12,873 பேர். அவர்களில் பாதிப்பேர் கனடியர்கள், மற்றவர்கள் அதே படையின்கீழ் போரிட்ட பிரிட்டிஷாரும் போலந்துக்காரரும் பிறரும்.

பிறகும் கப்பல் போக முடியவில்லை. கண்ணிவாரிக் கப்பல்கள் ஆற்றை மறுபடி மறுபடி கூட்டிப் பெருக்கி 200-க்கும் மேற்பட்ட கண்ணிகளை அகற்றின. நவம்பர் 28 அன்று முதல் கப்பல் தொடர் ஆண்ட்வெர்ப்பை அடைந்தது. முன்னால் வந்த ‘ஃபோர்ட் கட்டராக்கி’ கனடாவில் கட்டிய கப்பல். வரவேற்பு விழாவுக்குக் கனடியப் படையிலிருந்து ஒருவரையும் அழைக்கவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

திறந்தபின் துறைமுகம் தன் பலத்தைக் காட்டியது. இரண்டு வாரத்துக்குள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 19,000 டன் இறங்கியது. ஜெர்மனி ஏவிய வி-1, வி-2 குண்டுகள் ஊர்மேல் விழுந்துகொண்டே இருக்க, சுமைத் தொழிலாளர்கள் வேலையை விடவில்லை. டிசம்பர் 16 அன்று ரெக்ஸ் திரையரங்கில் விழுந்த ஒரே வி-2 குண்டில் 567 பேர் இறந்தார்கள். அதே நாள் காலை ஆர்டென் காடுகளிலிருந்து ஹிட்லரின் கடைசிப் பெருந்தாக்குதல் புறப்பட்டது. அதன் இலக்கும் ஆண்ட்வெர்ப்தான். செப்டம்பரில் அதைக் காக்கத் தவறியவர், டிசம்பரில் அதை மீட்க கவசப் படைகளைத் திரட்டி அனுப்பினார். முன்னணியில் வந்த 2-வது பான்சர் டிவிஷன், மியூஸ் ஆற்றை எட்ட சில கிலோமீட்டரே இருக்கும்போது, தினான் ஊருக்கு அருகே எரிபொருள் தீர்ந்து நின்றது.